"மிஸ், அவன் கையில நிக்கவே மாட்டேங்கிறான்!": கண்ணை ஏமாத்துற போட்டோ சொதப்பினா எங்க பாக்கணும்

எங்க ஸ்கூல் போட்டோ கிளப்ல எட்டாவது ஒன்பதாவது பசங்க 22 பேர், போன் மொத்தம் 6, அதுவும் சனிக்கிழமை மட்டும் வீட்டுல கேட்டு வாங்கிட்டு வர்ற போன். அரையாண்டு லீவு முடிஞ்சதும் நான் ஆரம்பிக்கிற பாடம் எப்பவும் இதுதான்: ஒருத்தன் உள்ளங்கையில இன்னொருத்தன் நிக்கிற மாதிரி, சூரியனை விரல்ல புடிக்கிற மாதிரி, தரையிலேருந்து ஒரு சாண் மேல மிதக்கிற மாதிரி, எந்த ஆப்பும் இல்லாம எடிட்டும் இல்லாம, நிக்கிற இடத்தை மாத்தி மாத்தியே எடுக்கிற போட்டோ. பசங்களுக்கு இது அளவுக்குப் புடிச்ச பாடம் வேற கிடையாது, ஆனா முதல் நாள் ஒண்ணும் சரியா வராது, பாதிப் பேர் "போன் சரியில்ல மிஸ்"னு வந்து நிப்பாங்க. போன்ல ஒரு குறையும் இல்ல. இதே பாடத்தை எடுக்கப் போற டீச்சர்ங்களுக்காகவும் வீட்டுல பிள்ளைங்களோட எடுத்துப் பாக்கிறவங்களுக்காகவும் எழுதுறேன். பசங்க என்ன புகார் சொல்லிட்டு ஓடி வருவாங்களோ அதையே தலைப்பா போட்டிருக்கேன், உங்களுக்கு எது பொருந்துதோ அங்க நேரா போயிடுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மட்டும் பசங்களுக்குப் புரிஞ்சிருக்கணும். நமக்கு ரெண்டு கண்ணு, நடுவுல சுமார் 6 செமீ இடைவெளி, ரெண்டும் பாக்கிற படம் லேசா வேற வேறயா இருக்கிறதால எது கிட்ட இருக்கு எது தள்ளி இருக்குன்னு மூளை கண்டுபுடிச்சிடுது. கேமராவுக்கு ஒத்தைக் கண்ணு. அதனால போட்டோவைப் பாக்கிறவங்க தூரத்தை வேற துப்புகளை வச்சுத்தான் ஊகிப்பாங்க: எது பெருசா தெரியுது, எது எதை மறைக்குது, கால் படத்துல எந்த உயரத்துல இருக்கு, நிழல் எங்க விழுது, எது தெளிவு எது மங்கல், தரையில இருக்கிற கோடு எப்படிச் சுருங்கிட்டே போகுது. போட்டோ சொதப்புதுன்னா இந்தத் துப்புல ஏதோ ஒண்ணு உண்மையைக் காட்டிக் குடுக்குதுன்னு அர்த்தம். அதனால பசங்ககிட்ட "நல்லா வரல"ன்னு மட்டும் சொல்லி விட்டுடாதீங்க, "எது காட்டிக் குடுக்குது, சொல்லு?"ன்னு கேளுங்க. நான் வருஷா வருஷம் நடத்துறது உண்மையில இந்த ஒரு கேள்வியைத்தான்.

இன்னொண்ணு, எடுக்கிறதுக்கு முன்னாடி கேமரா எங்க இருக்கோ அதே இடத்துல முகத்தை வச்சு ஒரு கண்ணை மூடிப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுட்டு "நீ இங்க வா நீ அங்க போ"ன்னு கத்திட்டே இருக்கிற பசங்களுக்கு அரை மணி நேரம் ஆகும், ஒத்தைக் கண்ணுல பாக்கிறவங்க அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுறாங்க.

"அவன் சின்னதாவே ஆக மாட்டேங்கிறான்"

போட்டோவுல கையில நிக்கிற பொம்மை மாதிரி தெரியணும், ஆனா பின்னாடி யாரோ நடந்து போற மாதிரி தெரியுது. தொண்ணூறு சதவீதம் தூரம் பத்தல. பசங்க நாலு எட்டு பின்னாடி போயிட்டு போதும்னு நினைக்கிறாங்க. கணக்கு ரொம்ப சுலபம், தூரம் எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு சின்னதா தெரியும், அவ்வளவுதான். 150 செமீ உயரமுள்ள பையன் உள்ளங்கையில 15 செமீ பொம்மையா நிக்கணும்னா பத்து மடங்கு. கேமராவுலேருந்து உள்ளங்கை 1 மீட்டர்னா அவன் 10 மீட்டர்ல நிக்கணும், உள்ளங்கை 1.2 மீட்டர்னா அவன் 12 மீட்டர். நான் கோலமாவு ஒரு டப்பா கொண்டு போயிடுவேன், கேமரா, கை, ஆள் மூணுக்கும் தரையில புள்ளி வச்சிட்டா அடுத்தடுத்த குரூப் வந்து நின்னா போதும், திரும்ப அளக்க வேண்டாம். மேக்ஸ் டீச்சர் ஒருநாள் வந்து பாத்துட்டு வடிவொத்த முக்கோணத்தை இதை வச்சே நடத்தலாம்னு சொன்னாங்க, எனக்கு அன்னைக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதே கணக்கை டூர் போகும்போதும் போட்டுப் பாருங்க. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலை பீடத்தோட சேத்து 133 அடி, நம்ம பிள்ளை 5 அடி, கிட்டத்தட்ட 27 மடங்கு. அப்ப சிலையும் பிள்ளையும் ஒரே உயரமா தெரியணும்னா, கேமராவுக்கும் சிலைக்கும் எவ்வளவு தூரமோ அதுல 27ல ஒரு பங்கு தூரத்துல பிள்ளை நிக்கணும். கரையிலேருந்து எடுக்கும்போது சிலை தூரமா இருக்கு, அதனால பிள்ளையும் நம்மளை விட்டு நல்லா தள்ளித்தான் நிக்கணும், கைக்கெட்டுற தூரத்துல நிக்க வச்சிட்டு சிலை குட்டியா வருதேன்னு கவலைப்படுறவங்களை அங்க நிறையப் பாக்கலாம்.

இங்க ஒரு தப்பான நம்பிக்கை உண்டு, ஜூம் பண்ணினா பெருசு சின்னது மாறிடும்னு. மாறாது. நின்ன இடத்துலேருந்து ஜூம் பண்ணினா எல்லாமே ஒண்ணா பெருசாகும், ஒண்ணுக்கொண்ணு உள்ள அளவு அப்படியேதான் இருக்கும். அளவை மாத்துறது நம்ம கால்தான்.

"கால் கையில உக்காரவே இல்ல, அந்தரத்துல நிக்குது"

இதுதான் நிறைய பேரைப் படுத்துறது, அளவு சரியா வந்துடும் ஆனா ஷூவுக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல ஒரு இடைவெளி, இல்லன்னா உள்ளங்கை அவன் காலை முட்டி வரைக்கும் மறைச்சிடும். பசங்க உடனே கையை மேல கீழ ஆட்டிட்டே இருப்பாங்க, போட்டோ எடுக்கிறவன் போனை ஆட்டிட்டே இருப்பான், ரெண்டு பேரும் ஆடினா எப்படிச் சேரும். கேமராவை முதல்ல ஒரு ஸ்டூல் மேலயோ சுவர் மேலயோ வச்சு அசையாம நிறுத்துங்க. அப்புறம் ஒரு கணக்கு: கேமரா உயரத்தை மடங்கால வகுத்தா என்ன வருதோ, லென்ஸை விட அவ்வளவு கீழ உள்ளங்கை இருக்கணும். கேமரா தரையிலேருந்து 120 செமீ, பத்து மடங்கு, அப்ப உள்ளங்கை லென்ஸை விட 12 செமீ கீழ. தரை சமமா இருக்கிற வரைக்கும் இது ஏமாத்தாது. கிரவுண்டு மேடு பள்ளமா இருந்தா கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும், அதை ஒத்தைக் கண்ணு பாத்துக்கும்.

கேமராவை உள்ளங்கைக்கு நேர் மட்டத்துல வைக்காதீங்க, உள்ளங்கை ஒரு கோடு மாதிரி தெரியும், நிக்கிறதுக்கு இடமே இல்லாத மாதிரி ஆயிடும். லேசா மேலேருந்து பாத்தாத்தான் கை ஒரு மேடை மாதிரி விரியும். அப்புறம் இதைப் பசங்களே கண்டுபுடிச்சா இன்னும் நல்லது, நுனி விரலைக் கொஞ்சம் மடக்கி ஷூவோட அடிப்பக்கத்தை அரை இன்ச் மறைச்சுப் பாருங்க. கிட்ட இருக்கிறது தூரத்துல இருக்கிறதை மறைக்கும்கிறது நம்ம மூளை அதிகமா நம்புற துப்பு, அதையே நமக்குச் சாதகமா திருப்பிக்கிறோம். கால் தரையைத் தொடுற இடம் மறைஞ்சிட்டா இடைவெளி இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது.

அதே காரணத்தால ஒரு போஸ் மட்டும் எப்பவும் வராது, ஆளைக் கைக்குள்ள பொத்திப் புடிக்கிற மாதிரி, கட்டைவிரல் முன்னாடி மத்த விரல் எல்லாம் முதுகுக்குப் பின்னாடி. கையில எந்தப் பாகமும் பத்து மீட்டர் தள்ளி நிக்கிறவனுக்குப் பின்னாடி போக முடியாதே. தலையை ரெண்டு விரலால கிள்ளித் தூக்குற மாதிரி வேணும்னா எடுக்கலாம், விரல் ரெண்டு பக்கமும் வந்து நின்னா போதும். பசங்க பொத்திப் புடிக்கிற போஸை ஒரு மணி நேரம் முயற்சி பண்ணிட்டு அழுதுட்டே வந்தாங்கன்னா திட்டாதீங்க, ஏன் வராதுன்னு யோசிக்கச் சொல்லுங்க.

"ஒருத்தர் தெளிவா இருக்கார், இன்னொருத்தர் மங்கலா இருக்கார்"

முதல்ல போர்ட்ரெய்ட் மோட் ஆன்ல இருக்கான்னு பாருங்க. அது பின்னாடி இருக்கிறதை வேணும்னே மங்கலாக்குற மோட், இந்தப் பாடத்துக்கு எதிரி. சாதாரண போட்டோ மோடுக்கு வாங்க.

அப்பவும் மங்கலா இருந்தா போன் கையைப் பாத்து ஃபோகஸ் பண்ணிட்டிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ ஃபோகஸ் இருக்கணும், ஆனா நடுவுல காத்துதான் இருக்கு, எதைத் தொட்டுக் காட்டுறது? ஒரு ஸ்கூல் பேக்கை ரெண்டு ரெண்டரை மீட்டர்ல வச்சு, ஸ்கிரீன்ல அந்த பேக் மேல விரலை அழுத்திப் புடிச்சா ஃபோகஸ் லாக் ஆகும், அப்புறம் பேக்கை எடுத்துட்டு போட்டோ எடுங்க. பெரும்பாலான போன்ல மெயின் கேமராவோட உண்மையான ஃபோக்கல் லெங்த் (லென்ஸுக்கும் உள்ள படம் விழுற சென்சாருக்கும் நடுவுல உள்ள தூரம்) 4லேருந்து 7 மிமீக்குள்ளதான், அவ்வளவு சின்ன லென்ஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் நிறைய தூரம் தெளிவா கிடைக்கும், அதனால இந்த ஒரு வேலைக்கு விலை ஒசந்த கேமராவை விட போன் நல்லது. கை ரொம்ப கிட்ட இருந்தா, ஒரு சாணுக்குள்ள இருந்தா, சில போன் தானா மேக்ரோவுக்கு (ரொம்ப கிட்ட எடுக்கிற மோடுக்கு) தாவிடும், அப்ப கையும் தள்ளி ஆளும் தள்ளி, மடங்கு மாறாம ரெண்டையும் நகத்துங்க.

யாராவது டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாத்துற பெரிய கேமரா) கொண்டு வந்தா 18-55 லென்ஸ்ல 18 மிமீ, எஃப் 11 (எஃப் எண் பெருசானா லென்ஸ் துவாரம் சின்னதாகும், தெளிவு கூடும்), ஃபோகஸ் ஒன்றரை மீட்டர்ல வச்சா முக்கால் மீட்டர்லேருந்து அடிவானம் வரைக்கும் தெளிவா இருக்கும். அதே ஆள் 50 மிமீ லென்ஸை எஃப் 1.8ல வச்சுட்டு வந்தா நாள் பூரா நின்னாலும் ரெண்டும் சேந்து தெளிவாகாது.

"எல்லாம் சரியா இருக்கு மிஸ், ஆனா பாத்தா நம்ப முடியல"

எனக்குப் புடிச்ச புகார் இது, ஏன்னா இங்கதான் பசங்க உண்மையா பாக்க ஆரம்பிக்கிறாங்க. அளவு சரி, கால் சரி, ஃபோகஸ் சரி, ஆனா பொய்னு பளிச்சுனு தெரியுது. தரையைப் பாருங்க. எங்க கிரவுண்டுல விளையாட்டு விழாவுக்குப் போட்ட டிராக் கோடு சுண்ணாம்புல அப்படியே கிடந்துது, அந்தக் கோடு கேமரா பக்கம் அகலமா ஆரம்பிச்சு தூரமா நிக்கிறவன் காலுக்குப் போகும்போது குறுகிப் போயிடுது, "இவன் பத்து மீட்டர் தள்ளி நிக்கிறான்"னு அது சத்தமா சொல்லுது. புல்லும் அப்படித்தான், கிட்ட இருக்கிற புல் தனித்தனியா தெரியும், தூரத்துப் புல் பச்சைப் பாயா தெரியும். டைல்ஸ் போட்ட வராண்டா இதைவிட மோசம்.

அதனாலதான் பொலிவியாவுல இருக்கிற சலார் டி உயுனி உப்புப் பாலைவனத்துக்கு உலகம் பூரா இருந்து வந்து இந்த மாதிரி போட்டோ எடுக்கிறாங்க. சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் ஒரே வெள்ளை, ஒரே சமம், மரம் இல்ல, வீடு இல்ல, தூரத்தைச் சொல்ல ஒரு துப்பும் இல்ல. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளம் இருக்கு (உள்ள வேலை செய்றவங்ககிட்ட கேட்டுட்டுப் போங்க, அது அவங்க பொழப்பு நடக்கிற இடம்), கடற்கரை ஈர மணல் இருக்கு, எதுவும் இல்லன்னா சிமெண்ட் போட்ட மொட்டை மாடி அளவுக்கு வெறுமையா இருக்கிற ஏதாவது ஒரு தரை. மொட்டை மாடின்னு சொன்னதும் பயமா இருக்கு, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில பின்னாடியே நடந்து போற பாடம் இது, பசங்களை ஏத்தவே ஏத்தாதீங்க. தண்டவாளமும் கூடாது, ரெண்டு கோடு ஒண்ணா சேர்ற படம் அழகாத்தான் இருக்கும், ஆனா அனுமதி இல்லாம தண்டவாளத்துல இறங்குறது சட்டப்படியே குத்தம், அதைவிட ரயில் வர்ற சத்தம் நாம நினைக்கிற நேரத்துல கேக்காது.

தரை சரின்னா அடுத்து நிழல். ஒருத்தர் வெயில்ல நிக்கிறார், இன்னொருத்தர் வேப்பமர நிழல்ல, அப்ப எப்படி ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கிற மாதிரி தெரியும்? ரெண்டு பேரும் ஒரே வெளிச்சத்துல இருக்கணும். அதோட சாயங்கால வெயில்ல தூரமா நிக்கிறவனோட நிழல் தரையில நீளமா விழும், ஆனா உள்ளங்கையில நிக்கிறவன் நிழல் உள்ளங்கையில இல்ல விழணும்? மேகமா இருக்கிற நாள் இதுக்குக் கடவுள் குடுத்த நாள், நிழலே சரியா விழாது. வெயில் நாள்னா உச்சி வேளை, தமிழ்நாட்டுல ஏப்ரல் ஆகஸ்ட் மாசங்கள்ல பெரும்பாலான ஊர்ல சூரியன் நேர் தலைக்கு மேல வர்ற நாள் ஒண்ணு வரும், நிழலில்லா நாள்னு சொல்றோமே அது, அன்னைக்கு மதியம் நிழல் காலடியிலயே அடங்கிடும். ஆனா ஏப்ரல் மதிய வெயில்ல பசங்களைப் பத்து நிமிஷத்துக்கு மேல நிக்க வைக்காதீங்க, தொப்பி, தண்ணி பாட்டில் ரெண்டும் கட்டாயம்.

"சூரியன் பட்டாணி அளவுக்குத்தான் வருது"

தோழி கையில சூரியனை ஏந்துற மாதிரி எடுக்கணும்னு ஒரு பொண்ணு மூணு நாள் கடற்கரைக்குப் போயிட்டு வந்தா, மூணு நாளும் கையில பட்டாணிதான். நேர்ல அவ்வளவு பெருசா தெரிஞ்சுதே மிஸ்னு கேட்டா. அடிவானத்துகிட்ட சூரியனும் நிலாவும் பெருசா தெரியுறது நம்ம மூளை பண்ற வேலை, கேமராவுக்கு அது தெரியாது, உச்சியில இருக்கும்போதும் கீழ இருக்கும்போதும் கிட்டத்தட்ட அதே அரை டிகிரிதான்.

இதுக்கு நான் சொல்லித் தர்ற கணக்கு பசங்க மறக்கவே மாட்டாங்க. கேமராவுக்கும் கைக்கும் உள்ள தூரத்தை 108ஆல வகுங்க, அதுதான் அந்தக் கையில சூரியன் தெரியப் போற அளவு. நம்ம ஜபமாலையில இருக்கிற அதே 108தான், ஏன்னா பூமியிலேருந்து சூரியன் இருக்கிற தூரம் சூரியனோட விட்டத்துல சுமார் 108 மடங்கு, நிலாவுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், சுமார் 110. தோழி 3 மீட்டர்ல நின்னா சூரியன் 3 செமீக்கும் கம்மி, ஒரு நெல்லிக்காய். 10 மீட்டர்ல நின்னா 9 செமீ சொச்சம், ஒரு பெரிய ஆரஞ்சுப் பழம். 24 மீட்டர்ல நின்னா 22 செமீ, ஃபுட்பால். அப்ப என்ன பண்ணணும், தோழியை விட்டு நல்லா பின்னாடி நடந்து போய், அங்கேருந்து ஜூம் பண்ணி எடுக்கணும். முன்னாடி ஜூம் அளவை மாத்தாதுன்னு சொன்னேன், இங்க அளவை மாத்தினது நடைதான், ஜூம் சும்மா வெட்டிக் காட்டுது. போன்ல 2 எக்ஸ் 3 எக்ஸ் லென்ஸ் தனியா இருந்தா நல்லது, இல்லன்னா 10 மீட்டர் ஆரஞ்சோட நிறுத்திக்கலாம், அதுவே அழகுதான்.

சூரியன் தன்னோட அகலத்தை ரெண்டு நிமிஷத்துல தாண்டிடும், அதனால கை எங்க இருக்கணும்னு அரை மணி முன்னாடியே பழகி வச்சுக்கணும். வெளிச்சம் அடங்கி சிவந்து இறங்கும்போது மட்டும் எடுங்க, போன் ஸ்கிரீனைப் பாத்துத்தான் எடுக்கணும், டிஎஸ்எல்ஆர் கண்ணாடித் துவாரம் வழியா சூரியனைப் பாக்கவே கூடாது, கண்ணு போயிடும். இதை மட்டும் நான் மூணு தடவை சொல்லுவேன், நோட்டுல எழுதவும் வைப்பேன்.

"ரெண்டு பேரும் பேசிக்கிற மாதிரி இல்ல"

பார்வை தப்பு. கையில நிக்கிறவன் மேல நிமிந்து பாக்கணும், கையை நீட்டுறவன் தன் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேல இருக்கிற வெறும் காத்தைப் பாக்கணும். அங்க யாரும் இல்லாததால பசங்க பழக்கத்துல தூரமா நிக்கிற உண்மையான ஆளைத் திரும்பிப் பாத்துடுறாங்க, இல்ல கேமராவைப் பாத்துச் சிரிச்சிடுறாங்க. ஒரு பேனாவை உள்ளங்கை மேல நட்ட மாதிரி புடிச்சு "இதோட நுனியைப் பாரு"ன்னு சொல்லிட்டு பேனாவை எடுத்துடுங்க, முடிஞ்சுது. நாடகத்துல நடிக்கிற பிள்ளை குரூப்ல ஒருத்தர் இருந்தா கையை நீட்டுற வேலையை அவங்களுக்கே குடுங்க.

"மிதக்கிற மாதிரி இல்ல, குதிக்கிற மாதிரி இருக்கு"

குதிச்சு எடுக்கிற படத்துல ரெண்டு நோய். ஒண்ணு, ஆள் இழுபட்டு மங்கலா வர்றது, அது ஷட்டர் மெதுவா இருக்கிறதால, அதாவது கேமரா வெளிச்சம் வாங்குற நேரம் அதிகமா இருக்கிறதால. கிளாஸ் ரூம் உள்ள எடுத்தா போன் முப்பதுல ஒரு செகண்டுக்கு இறங்கிடும். வெளியில வெயிலுக்கு வாங்க, ப்ரோ மோட் (நாமளே செட்டிங்கை மாத்துற மோட்) இருந்தா ஷட்டரை 1/1000 செகண்ட் வச்சுக்குங்க, வினாடிக்கு 1 மீட்டர் வேகத்துல நகர்ற கை அந்த நேரத்துல 1 மிமீதான் நகரும்.

ரெண்டாவது, நேரம் தப்புறது. ஒரு பிள்ளை 30 செமீ எகிறினா மேல போய் கீழ வர மொத்தமே அரை செகண்ட், அதுல உச்சியில நிக்கிற மாதிரி தெரியுற நேரம், அதாவது கடைசி 1 செமீக்குள்ள இருக்கிற நேரம், ஒரு செகண்டுல பதினொண்ணுல ஒரு பங்குதான். உச்சியைப் பாத்துட்டு அமுக்கினா அது போயிடும். பர்ஸ்ட் மோடு (விடாம அடுத்தடுத்து படம் எடுக்கிற மோட்) போட்டுட்டு குதிக்கிறதுக்கு முன்னாடியே அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்கணும், அப்புறம் பொறுக்கிக்கலாம். பின்னல் மேல பறக்குதா, துப்பட்டா தூக்கிட்டு நிக்குதா, முகம் இறுகியிருக்கா, இதெல்லாம் குதிச்சதைக் காட்டிக் குடுக்கும். முகத்தைத் தளர்த்திட்டு, ஒரு புத்தகத்தைப் படிக்கிற மாதிரி புடிச்சுக்கிட்டு குதிக்கச் சொல்லுங்க. இருபது தடவை ஆகும், பசங்க சோந்து போவாங்க. அப்ப நான் பிலிப் ஹால்ஸ்மேன் கதையைச் சொல்லுவேன், 1948ல ஓவியர் சல்வதோர் டாலியை அந்தரத்துல இருக்கிற மாதிரி எடுத்தவர், பூனைங்க பறக்க, வாளித் தண்ணி வளைஞ்சு ஊத்த, ஒரே ஷாட்ல எல்லாம் வரணும்னு 28 தடவை எடுத்தார். பூனையைத் தூக்கிப் போடற வேலை நமக்கு வேண்டாம், அந்த 28 மட்டும் போதும்.

குதிக்கவே முடியாத பிள்ளைங்களும் நம்ம கிளாஸ்ல இருக்காங்க, அவங்களுக்காக நான் தேடிக் கத்துக்கிட்ட வழி இப்ப எல்லாருக்கும் புடிச்சதா ஆயிடுச்சு. காஞ்ச சிமெண்ட் தரையில ஆளை நிக்க வச்சு (வீல் சேர்ல இருந்தாலும் சரி), அவங்களுக்கு முன்னாடி ஒரு முழம் தள்ளி ஈரத் துணியால நீள்வட்டமா ஒரு கறை போடுங்க. போட்டோவுல அந்த ஈரம் நிழல் மாதிரி தெரியும், நிழல் காலை விட்டு விலகி இருந்தா ஆள் மேல இருக்கார்னு மூளை முடிவு பண்ணிடும். ஒரு குதியும் இல்லாம பிள்ளை மிதக்கும். நான் முதல் தடவை இதைப் போன்ல பாத்தப்ப என் கையே நடுங்கிடுச்சு.

இதுலயும் சொதப்பல் வரும். மக்குல தண்ணியை ஊத்தினா கறை ஓரத்துல ஒழுகி ஓடும், தண்ணின்னு தெரிஞ்சிடும், அதனால பிழிஞ்ச துணி. வெயில்ல எடுத்தா உண்மையான நிழல் காலோட ஒட்டிக்கிட்டு வந்து கெடுத்துடும், அதனால மேகம் இல்லன்னா கட்டடத்தோட நிழல் விழுற பக்கம். கறை பளபளன்னு மின்னினா வெளிச்சம் எதிர்ல இருக்கு, வெளிச்சம் உங்க முதுகுப் பக்கம் வர்ற மாதிரி திரும்பி நில்லுங்க. வேகமா எடுங்க, நம்ம ஊர் சூட்டுல அஞ்சு நிமிஷத்துல காஞ்சிடும்.

"ஏரி மாதிரி வரணும், ரெட்டை ரெட்டையா தெரியுது"

லென்ஸுக்குக் கீழ ஒரு கண்ணாடியைப் படுக்கை வாட்டுல ஒட்டிப் புடிச்சா கிரவுண்டே குளம் மாதிரி ஆகும். ரெட்டையா தெரியுறதுக்குக் காரணம் வீட்டுக் கண்ணாடி, அதுல ரசம் பூசினது பின்பக்கம், முன்பக்கக் கண்ணாடியும் கொஞ்சம் பிரதிபலிக்கும், ரெண்டு படம் விழும். கண்ணாடியை ஓரமா வச்சிட்டு, அதுக்குப் பதிலா அணைச்சு வச்ச இன்னொரு போன் ஸ்கிரீனைப் புடிங்க. கை ரேகை எண்ணெயைத் துடைச்சிட்டு, லென்ஸை ஒட்டி, இடைவெளியே இல்லாம.

"எல்லாரும் ஒரே போட்டோதான் எடுக்கிறாங்க"

இது பசங்க புகார் இல்ல, டீச்சர் புகார். 22 பேரும் உள்ளங்கை, 22 பேரும் கிள்ளுற விரல். திட்டினா ஒண்ணும் மாறாது. நான் இப்ப என்ன பண்றேன்னா, 1917ல இங்கிலாந்துல காட்டிங்லிங்கிற ஊர்ல ரெண்டு பொண்ணுங்க, ஒருத்திக்கு 16 வயசு இன்னொருத்திக்கு 9, ஓடைக்கரையில தேவதைங்களோட நிக்கிற மாதிரி எடுத்த போட்டோ இருக்கு, அதைக் காட்டுறேன். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதின கானன் டாயிலே அதை நம்பிக் கட்டுரை எழுதினார், 1983லதான் அவங்க பாட்டிங்களா ஆனதுக்கு அப்புறம் அது வெட்டி நட்ட அட்டைப் படம்னு ஒத்துக்கிட்டாங்க. என் பசங்க வயசுப் பொண்ணுங்க! "எது காட்டிக் குடுக்குது, கண்டுபுடிங்க"ன்னு விட்டா பத்து நிமிஷம் கிளாஸ்ல சத்தமே இருக்காது. அதுக்கப்புறம் வேலை என்னன்னா, வீட்டுல இருக்கிற ஒரு பொருளை வேற ஒண்ணா நம்ப வைக்கணும், கை விரல் எதுவும் படத்துல வரக் கூடாது. அந்த ஒரு தடை போதும், ஆளாளுக்கு வேற வேற வரும்.

போன தடவை ஒரு பையன் எவர்சில்வர் டம்ளரை வரிசையா அடுக்கி அதுக்கு நடுவுல அவன் தங்கச்சி நடந்து போற மாதிரி எடுத்தான், டம்ளர் மூணு மாடிக் கட்டடம். பெஞ்சோட கடைசி ஓரத்துல டம்ளர், இந்தப் பக்கம் அரை மீட்டர்ல போன், அதுவும் தலைகீழா வச்சான், அப்பதான் லென்ஸ் பெஞ்சை ஒட்டி வரும், தங்கச்சி 50 மீட்டர் தள்ளி கிரவுண்டு கடைசியில. நூறு மடங்கு, அப்ப கால் சரியா பெஞ்சு மட்டத்துல வந்து உக்காந்துடும், அந்தக் கணக்கை அவனேதான் போட்டான். ஆனா ஒவ்வொரு டம்ளர்லயும் அவன் மூஞ்சி குட்டியா தெரிஞ்சுது. உருண்டையா பளபளன்னு இருக்கிற எதுலயும் கேமரா தெரியாம இருக்கவே இருக்காது, அதனால மறைக்கணும்னு நினைக்காம அதை மங்கலாக்கணும். கறுப்புத் துப்பட்டாவை மேல போத்திக்கிட்டு ஒரு தடவை எடுத்தான், பாதி போச்சு. அப்புறம் டம்ளர் மேல முகப் பவுடரைப் பஞ்சால ஒத்தி ஒத்தி எடுத்தான், பளபளப்பு அடங்கி சிமெண்ட் பூசின சுவர் மாதிரி ஆயிடுச்சு, மூஞ்சி சுத்தமா காணோம். டம்ளரை கழுவி மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டு போய் வைக்கச் சொன்னேன், சத்துணவு அக்கா எண்ணித்தான் குடுத்திருந்தாங்க.